நாலு படியில் ரெண்டாவது படியிலேயே நின்றுவிடுகிறோம்: ஐ.டி.ஐ பயிற்றுநர்களுக்கான டிஜிட்டல் பயிற்சி பற்றி ஒரு குறிப்பு

தொழிற்பயிற்சி நிலையங்களில், அதாவது நாம் ஐ.டி.ஐ என்று சொல்லும் இடங்களில், பாடம் நடத்துகிறவர்களுக்கு டிஜிட்டல் பயிற்சி எப்படிக் கொடுக்கலாம் என்று கொஞ்ச நாளாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். பள்ளி ஆசிரியர்களுக்கான கணினிப் பயிற்சி பற்றி நிறையப் பேர் எழுதியிருக்கிறார்கள். லேத் பக்கத்தில், வெல்டிங் பூத்துக்குள், மோட்டார் பேனல் முன்னால் நின்று சொல்லிக்கொடுக்கிறவரைப் பற்றி எழுதியவர்கள் குறைவு. அவர் வேலை வேறு மாதிரி. அதனால் அவருக்குக் கொடுக்கிற பயிற்சியும் வேறு மாதிரி இருக்கணும்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நாம் கொடுக்கும் டிஜிட்டல் பயிற்சியில் பெரும்பகுதி 'எப்படிக் காட்டுவது' என்பதைப் பற்றியது: ஸ்லைடு போடுவது, வீடியோ ஓட்டுவது, ஸ்மார்ட் போர்டில் எழுதுவது. ஆனால் கைத்தொழில் கற்பதில் மாணவன் தடுமாறுவது, காட்டி முடித்த பிறகு. தானே செய்யும்போது தடுமாறுகிறான். செய்தது சரியா தப்பா என்று தெரியாமல் தடுமாறுகிறான். தொழில்நுட்பம் அதிகம் உதவக்கூடிய அந்த இரண்டு இடங்களுக்கும் பயிற்சித் திட்டங்கள் வந்து சேர்வதே இல்லை.

இதை நிறுவுவதற்குக் கொஞ்சம் பின்னோக்கிப் போகணும்.

பயிற்றுநர் எங்கிருந்து வருகிறார்?

இந்தியாவில் ஐ.டி.ஐ முறை 1950-ல் தொடங்கியது. தொழில் தெரிந்தவரே சொல்லிக்கொடுப்பார் என்பதுதான் ஆரம்பத்தில் இருந்த எண்ணம். நன்றாக ஃபைல் பிடிக்கத் தெரிந்தவருக்கு, ஃபைல் பிடிக்கச் சொல்லிக்கொடுக்கவும் தெரிந்திருக்கும் என்று எதிர்பார்க்க முடியாது என்பது சீக்கிரமே புரிந்தது. 1960-களில் பயிற்றுநர்களுக்கென்றே மத்திய அரசு தனி நிறுவனங்கள் தொடங்கியது. சென்னை கிண்டியில் இருக்கும் நிறுவனமும் அந்தக் காலத்தில் வந்ததுதான். சி.டி.ஐ என்று ஆரம்பித்து, பிறகு ஏ.டி.ஐ ஆகி, இப்போது என்.எஸ்.டி.ஐ என்று பெயர் மாறியிருக்கிறது. பழைய ஆட்கள் இன்னும் 'சி.டி.ஐ கேம்பஸ்' என்றுதான் சொல்வார்கள்.

இங்கே நடக்கும் ஒரு வருடப் படிப்பு சி.ஐ.டி.எஸ். ஏற்கெனவே தொழில் தெரிந்தவருக்கு, அதை எப்படிக் கற்பிப்பது என்று சொல்லிக்கொடுக்கும் படிப்பு. பள்ளி ஆசிரியருக்கு பி.எட் எப்படியோ, ஐ.டி.ஐ பயிற்றுநருக்கு இது அப்படி.

அதே வளாகத்தில் நிமி என்ற இன்னொரு நிறுவனமும் இருக்கிறது. தேசியப் பயிற்று ஊடக நிறுவனம் என்று தமிழில் சொல்லலாம். 1986-ல் ஜெர்மனியின் உதவியோடு தொடங்கியது. ஐ.டி.ஐ படித்தவர்கள் யாரைக் கேட்டாலும் 'நிமி புக்' தெரியும் என்பார்கள். தியரிக்கு ஒன்று, பிராக்டிகலுக்கு ஒன்று என்று படம் போட்டு, படிப்படியாக வேலையை விளக்கும் புத்தகங்கள். பல இந்திய மொழிகளில் வந்திருக்கின்றன, தமிழிலும் உண்டு. இப்போது அதே நிறுவனம் வீடியோக்களும் மாதிரித் தேர்வுகளும் போடுகிறது. மத்திய அரசின் பாரத் ஸ்கில்ஸ் தளத்தில் பாடத்திட்டம், வினா வங்கி எல்லாம் இலவசமாகக் கிடைக்கிறது.

ஆக, பாடப்பொருளுக்குப் பஞ்சம் இல்லை. அப்படியானால் சிக்கல் எங்கே?

நூறு வருடம் பழைய நாலு படி

சி.ஐ.டி.எஸ் படித்த எந்தப் பயிற்றுநரையும் எழுப்பிக் கேளுங்கள், பாடம் நடத்துவதற்கு நாலு படி என்பார்: தயார்படுத்துதல், விளக்கிக் காட்டுதல், செய்ய வைத்தல், சோதித்தல். பாடக்குறிப்பு எழுதுவதே இந்த நாலு தலைப்பில்தான்.

இதற்கு ஒரு சுவாரஸ்யமான வரலாறு உண்டு. முதல் உலகப்போரின்போது அமெரிக்காவில் கப்பல் கட்டும் தளங்களுக்கு அவசரமாக ஆயிரக்கணக்கான தொழிலாளர்கள் தேவைப்பட்டார்கள். அவர்களுக்குக் கற்பிக்கும் முறையை வகுத்தவர் சார்லஸ் ஆலன். 1919-ல் அதைப் புத்தகமாகவும் வெளியிட்டார். இந்த நாலு படி அதில் இருக்கிறது. இரண்டாம் உலகப்போரில் டி.டபிள்யூ.ஐ என்ற பெயரில் அமெரிக்கத் தொழிற்சாலைகள் முழுக்க இது பரவியது. போருக்குப் பிறகு ஜப்பானுக்குப் போய், அங்கே தொழிற்சாலைப் பயிற்சியின் அடித்தளங்களில் ஒன்றாகவே ஆகிவிட்டது.

நூறு வருடமாக இது தாக்குப்பிடிப்பதற்குக் காரணம் இருக்கிறது. கைவேலை கற்பதன் இயல்பு இதில் அப்படியே பதிவாகியிருக்கிறது. நீச்சலைப் பார்த்துக் கற்க முடியாது என்பது நமக்குத் தெரியும். வெல்டிங்கும் அப்படித்தான். பார்ப்பது ஒரு படி. அதற்குப் பிறகு இரண்டு படிகள் இருக்கின்றன, அவை இல்லாமல் கை பழகாது.

இப்போது இந்த நாலு படியை ஒரு தாளில் எழுதி, ஒரு வழக்கமான டிஜிட்டல் பயிற்சியின் அட்டவணையைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நான் சில அட்டவணைகளை அப்படி வைத்துப் பார்த்தேன். முதல் நாள்: கணினி அடிப்படை, மின்னஞ்சல். இரண்டாம் நாள்: பவர்பாயிண்ட். மூன்றாம் நாள்: யூடியூபில் தேடுவது, வீடியோ பதிவேற்றுவது. நாலாம் நாள்: ஸ்மார்ட் போர்டு. ஐந்தாம் நாள்: கூகுள் ஃபார்மில் கேள்வி போடுவது, மாலையில் சான்றிதழ். கடைசி நாளில் ஒரு மணி நேரம் தவிர எல்லாமே இரண்டாம் படி. மூன்றாம் படியைத் தொடவே இல்லை. நாலாம் படிக்குக் கருவி கொடுத்தார்கள். அதை வைத்து என்ன சோதிப்பது என்று சொல்லவில்லை.

இதில் இன்னொரு சங்கடமும் இருக்கிறது. இருபது வருடம் மில்லிங் மெஷினில் நின்றவரை உட்காரவைத்து, எழுத்துரு நிறத்தை எப்படி மாற்றுவது என்று காட்டுகிறோம். பக்கத்தில் நேற்று வேலைக்குச் சேர்ந்த இளைஞர் அதை அரை நிமிடத்தில் செய்து முடிக்கிறார். மூத்தவருக்கு அந்த அறையில் தன் அனுபவத்துக்கு மதிப்பே இல்லை என்ற எண்ணம் வரும். வந்தால் தப்பில்லை. 'இதெல்லாம் நமக்கு வராதுப்பா' என்று அவர் ஒதுங்குவதைத் தொழில்நுட்ப பயம் என்று எழுதிவிடுகிறார்கள். பாதிக்கு மேல் அது பயம் கிடையாது, மரியாதைப் பிரச்சினை.

வெர்னியரில் ஒரு கேள்வி

நாலாம் படியில் டிஜிட்டல் கருவி என்ன செய்யும் என்பதற்கு ஓர் உதாரணம். ஃபிட்டர் மாணவன் முதலில் கையில் எடுக்கும் அளவுகோல்களில் ஒன்று வெர்னியர் காலிப்பர். நம் பட்டறைகளில் சாதாரணமாக இருப்பது 0.02 மி.மீ. வரை அளக்கக்கூடியது. அதன் நகரும் அளவுகோலில் 50 கோடுகள், முக்கிய அளவுகோலின் 49 மி.மீ. நீளத்துக்குள் அடங்கியிருக்கும். அதனால் ஒரு கோட்டுக்கு வித்தியாசம் 0.02 மி.மீ.

முக்கிய அளவுகோலில் 24 மி.மீ., நகரும் அளவுகோலில் 17-வது கோடு பொருந்துகிறது என்று வைத்துக்கொள்வோம். 17-ஐ 0.02-ஆல் பெருக்கினால் 0.34. அளவு 24.34 மி.மீ.

இதைக் கேள்வியாகப் போடும்போது பலர் தவறான விடைகளாக ஏதோ மூன்று எண்களைப் போட்டுவிடுவார்கள். அங்கேதான் வாய்ப்பு கைநழுவுகிறது. யோசித்துப் போட்டால் ஒவ்வொரு தப்பு விடையும் ஒரு செய்தி சொல்லும்:

- 24.17 என்று சொன்னவன் கோட்டை எண்ணினான், பெருக்கவில்லை. அவனுக்கு மீச்சிற்றளவு என்றால் என்னவென்றே புரியவில்லை.
- 24.85 என்று சொன்னவன் 0.05-ஆல் பெருக்கியிருக்கிறான். வேறு வகை வெர்னியரின் கணக்கை இதற்குப் போட்டுவிட்டான். கருவியில் எழுதியிருப்பதைப் படிக்கும் பழக்கம் இல்லை.
- 24.36 என்று சொன்னவனுக்குக் கணக்கு தெரியும். பக்கத்துக் கோட்டைப் பார்த்துவிட்டான். கண்ணை நேராக வைத்துப் பார்க்கவில்லை.

இருபது பேர் செல்போனிலேயே விடை போடட்டும். கருவியின் படத்தைத் தெளிவாக எடுத்துக் கேள்வியில் வைத்துவிட்டால் போதும். ஐந்து நிமிடத்தில் பயிற்றுநருக்கு ஒரு பட்டியல் கிடைக்கும். யாருக்கு மறுபடி கணக்கைச் சொல்லணும், யாரை மேசைக்குக் கூப்பிட்டுக் கண் வைக்கும் விதத்தைத் திருத்தணும் என்பது அதிலேயே இருக்கும். முதல் இரண்டு பேருக்குக் கரும்பலகை போதும். மூன்றாவது பையனுக்கு எத்தனை ஸ்லைடு போட்டாலும் பயனில்லை; கருவியைக் கையில் கொடுத்துப் பக்கத்தில் நிற்கணும்.

கவனியுங்கள், இங்கே தேவைப்பட்ட கணினி அறிவு ரொம்பக் கொஞ்சம். தப்பு விடைகளை எழுதுவதற்குத் தேவைப்பட்டது பட்டறை அனுபவம். மாணவர்கள் எப்படியெல்லாம் தப்புப் பண்ணுவார்கள் என்று இருபது வருடம் பார்த்தவருக்குத்தான் அது வரும். முன்னே சொன்ன அந்த மூத்தவர் இந்த வேலையில் முதல் ஆள்.

வெல்டிங் வீடியோ: யார் கண்ணால் பார்ப்பது?

இரண்டாம் படியையும் ஒதுக்கிவிடச் சொல்லவில்லை. அதையும் சரியாகச் செய்யலாம்.

ஆர்க் வெல்டிங் டெமோ நடக்கும்போது பத்துப் பதினைந்து பேர் முகத்திரையைப் பிடித்துக்கொண்டு சுற்றி நிற்பார்கள். முன்னால் இருப்பவர்களுக்கு ஏதோ கொஞ்சம் தெரியும், பின்னால் நிற்பவர்களுக்கு வெளிச்சம்தான் தெரியும். எலெக்ட்ரோடு எந்தக் கோணத்தில் சாய்கிறது, உருகிய குழம்பு எப்படிப் பின்னால் சேர்கிறது என்பதெல்லாம் கண்ணில் படாது. போனின் லென்ஸுக்கு முன்னால் வெல்டிங் கண்ணாடியைப் பிடித்துப் படம் எடுத்தால் எல்லோருக்கும் தெரியும். திரும்பப் பார்க்கலாம், மெதுவாக ஓட்டலாம்.

இதில் ஆராய்ச்சி சொல்லும் ஒரு சின்ன விஷயம் பெரிய பயன் தரும். கேமராவை எதிரே வைக்கக் கூடாது. செய்கிறவரின் தோளுக்கு மேலிருந்து, அவர் கண் பார்க்கும் பக்கமாக வைக்கணும். 2017-ல் ஃபியோரெல்லா, ரிச்சர்ட் மேயர் முதலியோர் வெளியிட்ட ஆய்வில், மின்சுற்று ஒன்றைப் பொருத்தக் கற்றுக்கொண்டவர்களில், செய்கிறவரின் கோணத்தில் எடுத்த வீடியோவைப் பார்த்தவர்கள் மேலாகச் செய்தார்கள். காரணம் எளிது. எதிரே இருந்து பார்த்தால் இடது வலது மாறிப்போகும். மனசுக்குள்ளேயே அதைத் திருப்பிப்போட வேண்டியிருக்கும். அந்த வேலையை மிச்சப்படுத்தினால் கவனம் கைக்குப் போகும்.

நீளமும் முக்கியம். மேயர் பல வருடமாகச் சொல்லிவருவது, பாடத்தைச் சிறு துண்டுகளாக வெட்டி, ஒவ்வொரு துண்டுக்குப் பிறகும் மாணவன் நிறுத்தி யோசிக்க இடம் கொடுங்கள் என்பது. நாற்பது நிமிட வீடியோ ஒன்றைவிட, 'ஆர்க் பிடிப்பது', 'கோணம்', 'நகர்த்தும் வேகம்' என்று இரண்டு மூன்று நிமிடத் துண்டுகள் மேல். மாணவன் பூத்துக்குள் போவதற்கு முன்னால் தனக்கு வேண்டிய துண்டை மட்டும் பார்த்துக்கொள்ளலாம்.

சத்தத்தையும் விட்டுவிடாதீர்கள். மேலே பின்னணி இசை போட்டுவிட்டால் வெல்டிங் வீடியோவில் பாதிப் பாடம் போச்சு. ஆர்க் நீளம் சரியாக இருந்தால் எண்ணெயில் அப்பளம் பொரிகிற மாதிரி சீராக ஒரு சத்தம் வரும். அனுபவசாலி கண்ணை மூடிக்கொண்டே 'ராடு தூரமா போயிடுச்சு' என்பார். அந்தக் காதை மாணவனுக்குக் கொடுக்க வீடியோவால் முடியும்.

மூன்றாம் படி: கை பழகும் இடம்

இங்கே இரண்டு விதமான உதவி உண்டு. முதலாவது, சிமுலேட்டர். சி.என்.சி. மெஷினில் ஜி00 என்றால் டூல் முழு வேகத்தில் பாயும். ஜி01 என்றால் வெட்டும் வேகத்தில் நகரும். ஒன்றை மற்றொன்றாக அடித்துவிட்டால் டூல் உடையும், சில சமயம் ஸ்பிண்டிலே அடிவாங்கும். சில கண்ட்ரோலர்களில் 50-க்குப் பிறகு புள்ளி வைக்க மறந்தால் அது 50 மி.மீ. ஆகாது, 50 மைக்ரான் ஆகிவிடும். இந்தத் தப்புகளை எல்லாம் மாணவன் ஒரு தடவையாவது செய்து பார்க்கணும். கணினித் திரையில் செய்தால் செலவு இல்லை.

வெல்டிங்குக்கும் சிமுலேட்டர் இருக்கிறது. கோணம், தூரம், வேகம் எல்லாவற்றையும் எண்ணாகக் காட்டும். எலெக்ட்ரோடும் இரும்பும் மிச்சம். ஆனால் சூடு இல்லை, புகை இல்லை, பொறி பறக்கும்போது வரும் அந்த முதல் நடுக்கம் இல்லை. ஆகவே சிமுலேட்டரை எப்போது நிறுத்திவிட்டு பூத்துக்கு அனுப்புவது என்று முடிவெடுப்பதுதான் பயிற்றுநரின் திறமை. இதை எந்த விற்பனையாளரும் சொல்லித்தரமாட்டார். பட்டன் எங்கே என்று மட்டும் காட்டுவார்.

இரண்டாவது உதவிக்கு ஒரு பைசா செலவில்லை: போட்டோ. ஒவ்வொரு மாணவனும் தான் போட்ட வெல்டைத் தினமும் ஒரே தூரத்தில், ஒரே வெளிச்சத்தில், பக்கத்தில் ஸ்கேல் வைத்துப் படம் எடுத்து, தேதியும் ஆம்பியரும் எழுதித் தன் ஃபோல்டரில் போடட்டும். கீழே ஒரே ஒரு வரி: எங்கே சரியில்லை, ஏன்? அண்டர்கட்டா, துளையா, கசடு மாட்டிக்கொண்டதா? ஒரு மாதம் கழித்து வரிசையாகப் பார்த்தால் தன் கை எப்படி மாறியிருக்கிறது என்று அவனுக்கே தெரியும். தன் வேலையைத் தானே மதிப்பிடுவதுதான் தொழிலாளியை உதவியாளிலிருந்து பிரிக்கும் குணம். வேலை கேட்டுப் போகும்போது மதிப்பெண் பட்டியலோடு அந்த ஃபோல்டரையும் காட்டலாம்.

அறிஞர்கள் இதற்கு வைத்த பெயர்

இதுவரை சொன்னதற்குக் கல்வி ஆராய்ச்சியில் ஒரு பெயர் உண்டு. 1986-ல் லீ ஷுல்மன் ஒரு கருத்தை முன்வைத்தார். பாடம் தெரிவது ஒன்று, பொதுவாகக் கற்பிக்கத் தெரிவது இன்னொன்று; இந்தப் பாடத்தை எப்படிக் கற்பிப்பது, எங்கே மாணவர்கள் இடறுவார்கள் என்று தெரிவது மூன்றாவது வகை அறிவு. வெர்னியரின் தப்பு விடைகள் இந்த மூன்றாம் வகை. 2006-ல் புன்யா மிஸ்ராவும் மேத்யூ கோய்லரும் இதோடு தொழில்நுட்ப அறிவைச் சேர்த்து டிபேக் என்ற வரைச்சட்டத்தைக் கொடுத்தார்கள். அதன் சாரம்: தொழில்நுட்பத்தைத் தனியாகச் சொல்லிக்கொடுத்தால் அது தனியாகவே நின்றுவிடும், பாடமும் கற்பிக்கும் முறையும் சேரும் இடத்தில் வைத்துத்தான் சொல்லிக்கொடுக்கணும்.

யுனெஸ்கோ 2018-ல் வெளியிட்ட ஆசிரியர் திறன் சட்டகத்தில் 18 திறன்கள் இருக்கின்றன, மூன்று நிலைகளில். ஐரோப்பிய ஒன்றியம் 2017-ல் வெளியிட்டதில் 22 திறன்கள். இரண்டையும் படித்துப் பார்த்தால், கருவியை இயக்குவது அவற்றில் ஒரு சிறு பகுதிதான். மதிப்பிடுவது, மாணவரைத் தானே செய்யவைப்பது, சக ஆசிரியர்களோடு சேர்ந்து வளர்வது ஆகியவைதான் மிச்சமெல்லாம். பட்டியல் அங்கே அப்படி இருக்க, நம் ஐந்து நாள் அட்டவணை ஏன் பவர்பாயிண்டிலேயே நிற்கிறது என்பதுதான் கேள்வி. சொல்லிக்கொடுப்பதற்கும் எண்ணிக்கை காட்டுவதற்கும் அது சுலபம். வேறு காரணம் எனக்குத் தோன்றவில்லை.

அப்போ அடிப்படை எழுத்தறிவு வேண்டாமா?

வேணும். ஆனால் அதிலும் பயிற்றுநரின் அன்றாட வேலையிலிருந்து ஆரம்பிக்கலாம்.

தமிழில் தட்டச்சு செய்வது முதலில். போனில் பேசியே தட்டச்சு செய்யலாம் என்று காட்டினால் பாதித் தயக்கம் போய்விடும். அடுத்து, கோப்பை எங்கே வைத்தோம் என்று மறுநாள் கண்டுபிடிக்கிற மாதிரிப் பெயர் வைப்பது. சாதாரண விஷயம்தான், ஆனால் இருபது மாணவர்களின் ஒரு வருடப் போட்டோக்களைக் கையாள இது இல்லாமல் முடியாது.

அப்புறம், கிடைக்கும் தகவலைச் சரிபார்ப்பது. இப்போது ஏஐ சாட்பாட்டிடம் கேட்டுப் பாடக்குறிப்பு எழுதுபவர்கள் இருக்கிறார்கள். வரலாற்றுப் பாடத்தில் ஒரு வருடம் மாறிப்போனால் திருத்திக்கொள்ளலாம். எலெக்ட்ரீஷியன் பாடத்தில் ஒயரின் அளவு மாறிப்போனால் ஒயர் எரியும். இயந்திரம் கொடுத்த எந்த எண்ணையும் நிமி புத்தகத்தோடோ, தயாரிப்பாளரின் கையேட்டோடோ ஒப்பிடாமல் மாணவனிடம் கொண்டுபோகக் கூடாது. இந்த ஒரு விதியைப் பயிற்சியில் பழக்கமாகவே ஆக்கணும்.

கடைசியாக, மாணவரின் தகவல். ஐ.டி.ஐ-யில் 14 வயதிலிருந்து சேரலாம். 2023-ல் வந்த டிஜிட்டல் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் 18 வயதுக்குக் கீழே உள்ளவரைக் குழந்தை என்கிறது. அவர்கள் தகவலைக் கையாளப் பெற்றோர் சம்மதம் முக்கியம் என்கிறது. வகுப்பில் எடுத்த வீடியோவை அப்படியே வாட்ஸ்அப் குழுவில் போடுவதற்கு முன் யோசிக்கணும். நான் சொல்லும் எளிய வழி: கையையும் வேலையையும் மட்டும் படம் எடுங்கள், முகம் வேண்டாம். கற்பதற்கு முகம் தேவையும் இல்லை.

இப்போது ஏன் அவசரம்?

2020-ல் கொரோனாவில் ஐ.டி.ஐ-க்கள் மூடிக் கிடந்தபோது தியரியை எப்படியோ ஆன்லைனில் தள்ளிவிட்டார்கள். பட்டறையைத் தள்ள முடியவில்லை. அதற்குப் பிறகு காலம் நிற்கவில்லை. அகில இந்தியத் தொழில்தேர்வின் தியரித் தாள் கணினி வழித் தேர்வாகிவிட்டது. தமிழ்நாட்டில் 2022-ல் 71 அரசு ஐ.டி.ஐ-க்களை டாடா டெக்னாலஜிஸ் நிறுவனத்தோடு சேர்ந்து தொழில் 4.0 தரத்துக்கு உயர்த்தத் திட்டமிட்டார்கள். மதிப்பு சுமார் 2,877 கோடி ரூபாய். ரோபோ, நவீன சி.என்.சி., மின்வாகனம் என்று புதிய தொழிற்பிரிவுகள் வந்திருக்கின்றன.

மெஷினை லாரியில் கொண்டுவந்து இறக்கிவிடலாம். அதைத் தைரியமாகத் திறந்து, தப்புப் பண்ண அனுமதித்து, தப்பிலிருந்து சொல்லிக்கொடுக்கும் பயிற்றுநரை அப்படி இறக்க முடியாது. அவருக்கு நம்பிக்கை இல்லாவிட்டால் என்ன நடக்கும் என்று ஊகிக்கப் பெரிய ஆராய்ச்சி வேண்டாம். விலை உயர்ந்த மெஷின், கெட்டுப்போனால் யார் பதில் சொல்வது என்று உறை போட்டு மூடி வைப்பார்கள். ஆய்வுக்கு யாராவது வரும்போது மட்டும் உறை கழலும். இழப்பு யாருக்கு? பெரும்பாலும் குடும்பத்தில் முதன்முதலாகத் தொழிற்சான்றிதழ் வாங்கப்போகும் ஒரு பிள்ளைக்கு. அவனுக்கு இரண்டாவது வாய்ப்பு சுலபத்தில் வராது.

நான் அட்டவணை போட்டால்

ஐந்து நாளைத் தொடர்ச்சியாக வைக்கமாட்டேன். மூன்று நாள் முதலில், ஆறு வாரம் கழித்து இரண்டு நாள்.

ஃபிட்டர், வெல்டர், எலெக்ட்ரீஷியன் எல்லோரையும் ஒரே அறையில் உட்காரவைக்கமாட்டேன். தொழில்வாரியாகப் பிரிப்பேன். முடிந்தால் கணினி அறையில் வேண்டாம், பட்டறையிலேயே நடக்கட்டும். அவரவர் போனே கருவி. திரும்பிப் போனதும் அவர்கள் கையில் இருக்கப்போவது அதுதான்.

முதல் நாள் கணினியைத் திறக்காமல் ஒரு தாள் கொடுப்பேன். உங்கள் தொழிலில் மாணவர்கள் திரும்பத் திரும்பத் தப்புச் செய்யும் ஒரு வேலையை எடுத்துக்கொள்ளுங்கள். முக்கியப் படி என்ன, அந்தப் படியில் கவனிக்க வேண்டியது என்ன, அது ஏன் என்று மூன்று பத்தியில் எழுதுங்கள். டி.டபிள்யூ.ஐ காலத்துப் பழைய முறைதான் இது. அந்தத் தாள் நாளைக்கு வீடியோவின் திரைக்கதை ஆகும். மறுநாள் கேள்விகளின் தப்பு விடைகள் அதிலிருந்தே வரும்.

மூத்தவரையும் இளையவரையும் ஜோடி சேர்ப்பேன். ஒருவருக்கு வேலையின் நெளிவு சுளிவு தெரியும், மற்றவருக்குப் போன் தெரியும். வீடியோவில் கை மூத்தவருடையது, கேமரா இளையவருடையது. இருவருமே அந்த அறையில் ஒரே நேரத்தில் ஆசிரியரும் மாணவரும் ஆகிறார்கள். மரியாதைப் பிரச்சினை அங்கேயே பாதி தீர்ந்துவிடும்.

ஆறு வாரம் இடைவெளி எதற்கு? ஆசிரியர் பயிற்சியைப் பல வருடம் ஆராய்ந்த புரூஸ் ஜாய்ஸும் பெவர்லி ஷவர்ஸும் 1980-களிலிருந்தே வலியுறுத்தியது இது. விளக்கமும் செய்முறையும் மட்டும் கொடுத்து அனுப்பினால் வகுப்பறைக்குள் போய்ச் சேர்வது மிகக் குறைவு. திரும்பிப் போன பிறகு சக ஆசிரியர் ஒருவர் கூட இருந்து பார்த்துப் பேசும்போதுதான் புதிய முறை வேரூன்றுகிறது. அதனால் இடைவெளியில் ஒரே ஒரு கட்டளை: செய்த வீடியோவையும் கேள்வியையும் நிஜ வகுப்பில் பயன்படுத்துங்கள், பக்கத்து டிரேடு சார் ஒருவரை வந்து பார்க்கச் சொல்லுங்கள். திரும்பி வரும்போது ஸ்லைடு வேண்டாம். மாணவர்கள் போட்ட விடைகளும் அவர்கள் செய்த ஜாபின் போட்டோக்களும் போதும். அதை வைத்து இரண்டு நாள் பேசலாம்.

சான்றிதழும் அப்போதுதான். வருகைப் பதிவுக்குக் கொடுப்பதைவிட, ஒரு மாணவனின் முதல் ஜாபையும் ஆறாவது வாரத்து ஜாபையும் பக்கத்தில் வைத்து, நடுவில் தான் என்ன மாற்றினேன் என்று விளக்குகிற பயிற்றுநருக்குக் கொடுக்கலாம்.

இதை வாசிக்கிறவர்களில் ஐ.டி.ஐ-யிலோ பாலிடெக்னிக்கிலோ சொல்லிக்கொடுப்பவர்கள் இருந்தால், பயிற்சி வரும் வரை காத்திருக்க வேண்டியதில்லை. நாளைக்கே ஒரு வேலை செய்து பாருங்கள். உங்கள் தொழிலில் மாணவர்கள் அடிக்கடி செய்யும் மூன்று தப்புகளை எழுதுங்கள். அந்த மூன்றையும் தப்பு விடைகளாக வைத்து ஒரே ஒரு கேள்வி போடுங்கள். யார் எதைத் தேர்ந்தெடுத்தார்கள் என்று பாருங்கள். பட்டறையில் யார் பக்கத்தில் போய் நிற்பது என்று அதுவே சொல்லிவிடும்.